நீலகிரியில் வேட்டை விளையாட்டும் இயற்கைக் காப்பும்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

உவகை பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வைத்து எண்ணுகின்றார். அவ்வுவகை துன்பம் நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்து. இவ்விலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு நோக்குவார்க்கு வேட்டை என்னும் விளையாட்டு ஒரு சிக்கலான பொருளாகத் தோன்றும். வேட்டுவனுக்கு உவகையாவது விலங்குக்குச் சாக்காடு. ஆயினும், உலக வரலாற்றில் காட்டு விலங்குகளைக் காத்தற்கென எழுந்த முதற் சட்டங்கள் பலவற்றைக் கேட்டுப் பெற்றவர்கள் வேட்டையாடி மகிழ்ந்தவர்களே. கொல்லும் கை காக்கும் கையாக மாறியது எங்ஙனம்? அம்மாற்றம் முழுமையானதா? அதனால் காக்கப்பட்டவை எவை, கைவிடப்பட்டவை எவை? இவ்வினாக்களை நீலகிரி மலையின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீலகிரியைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, வேட்டையாடுவோர் தாமே கழகம் அமைத்துச் சட்டம் வேண்டிப் பெற்ற இடங்களுள் இந்திய நாட்டில் இம்மலை மிகத் தொன்மையானது. மற்றொன்று, அக்கழகத்தின் முதன்மைப் பொருளாக விளங்கிய வரையாடு இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. வருடை என்னும் பெயரால் பட்டினப்பாலை முதலிய பழந்தமிழ் நூல்களில் பயின்று வரும் விலங்கு. ஆதலின் இவ்வரலாறு தமிழாய்வாளர்க்குப் புறம்பான ஒன்றன்று.

பண்டை மரபில் வேட்டமும் காப்பும்

வேட்டம் என்னும் சொல்லுக்கு விலங்கு வேட்டை என்பதேயன்றி விருப்பம் என்றும் பொருளுண்டு. உணவுக்காக வேட்டையாடுதலும் விருப்பத்தாலும் வீரத்தாலும் வேட்டையாடுதலும் சங்க காலத்திலேயே வேறுபட்டு நின்றன. குறிஞ்சி நில மக்கள் பிழைப்புக்கு வேட்டையாடினர். வல்வில் ஓரி போன்ற தலைவர்களின் வேட்டையோ புலவர் பாடும் புகழுக்குரிய செயலாயிற்று. புறநானூற்றில் அவன் வில்லாற்றல் பாடப்பெற்றுள்ளமை யாவரும் அறிந்ததே.

அரசர் வேட்டையோடு காப்பு என்னும் கருத்தும் உடன் வளர்ந்தமைக்குக் கௌடலீயரின் பொருணூல் சான்று தருகின்றது. அரசன் விளையாட்டுக்கென ஒரு வாயிலும் அகழியும் உடைய விலங்குக்காடு ஒன்று அமைத்தல் வேண்டும் என அந்நூல் விதிக்கின்றது. அதனொடு, எல்லா விலங்குகளையும் விருந்தாக ஏற்றுக் காக்கும் காடு ஒன்றும் அமைக்கப்படல் வேண்டும் என்கின்றது. முன்னது மன்னன் உவகைக்கு. பின்னது விலங்கின் அச்சம் தீர்தற்கு. இவ்விரண்டனையும் ஒரே நூல் அருகருகே வைத்துக் கூறுதல் கருதத்தக்கது. விளையாட்டிடம், புகலிடம் என்னும் இரண்டும் ஒன்றோடொன்று உறவுடையன என்பதனையும், அவை ஒன்றல்ல என்பதனையும் அப்பழைய நூலார் உணர்ந்திருந்தனர் எனலாம். பின்வரும் நீலகிரி வரலாறு இவ்விரண்டற்கும் இடையே நிகழ்ந்த நெடிய பயணமே.

நீலகிரியில் ஐரோப்பியர் வேட்டை

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டில் நீலகிரி மேட்டு நிலத்தை அடைந்தார். அடுத்த சில ஆண்டுகளுள் உதகமண்டலம் ஐரோப்பியர் குடியிருப்பாயிற்று. பின்னர்ச் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரமும் ஆயிற்று. படைத்துறை அலுவலரும் தோட்ட முதலாளிகளும் ஆட்சித்துறையினரும் ஆங்குக் கூடினர். குளிர்ந்த காற்றும், புல்வெளிகளும், பள்ளங்களிற் செறிந்த சோலைகளும் அவர்க்குத் தம் தாய்நாட்டை நினைவூட்டின. தாய்நாட்டில் நிலவுடைமையாளர் மட்டுமே துய்த்த வேட்டை விளையாட்டு, ஈண்டு நடுத்தர அலுவலர்க்கும் எளிதாயிற்று.

வேட்டை நூல்கள் பல இம்மலையை ஒட்டி எழுந்தன. வால்டர் காம்பெல் 1842இல் வெளியிட்ட ‘பழைய காட்டுக் காவலன்’ என்னும் பொருள்படும் நூலும், டக்ளஸ் ஆமில்டனின் தென்னிந்திய வேட்டைக் குறிப்புகளாக 1892இல் வெளிவந்த நூலும், பிளெச்சர் 1911இல் நீலகிரி, வயநாடு வேட்டை பற்றி எழுதிய நூலும் அவற்றுட் சில. இந்நூல்கள் வீரக் கதைகளாக மட்டும் கருதப்படுவன அல்ல. எந்தப் பள்ளத்தில் எவ்விலங்கு மிகுதி, எப்பருவத்தில் அது மேய வரும், கடாவும் பெட்டையும் எங்ஙனம் வேறுபடும் என்னும் செய்திகள் அவற்றில் நுணுக்கமாகப் பதிவாகியுள்ளன. வேட்டைக்காக நெடுநேரம் காத்திருந்து நோக்கிய கண்களே இம்மலை விலங்கியலின் முதல் ஏடுகளை எழுதின என்பது மிகையன்று.

அக்கண்களே மற்றோர் உண்மையையும் கண்டன. காப்பி, தேயிலை, சின்கோனாத் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிந்தன. பின்னே மருந்திட்டு நிரப்பும் விரைவுத் துப்பாக்கிகள் பரவின. பருவம் நோக்காது, பெட்டையும் குட்டியும் பாராது சுடும் வழக்கம் பெருகிற்று. வரையாடும் கடமானும் அரியவாயின. விலங்கு இல்லையேல் விளையாட்டு இல்லை. இத்தன்னல உணர்வே காப்புக்கு வித்தாயிற்று. இதனை மறைக்க வேண்டுவதில்லை, அவ்வேட்டைக்காரரும் மறைக்கவில்லை.

கழகமும் சட்டமும்

1877ஆம் ஆண்டில் நீலகிரி வேட்டைவிலங்குக் கழகம் தோன்றியது. இரண்டாண்டு கழித்து, நீலகிரி வேட்டைவிலங்கு மற்றும் மீன் காப்புச் சட்டம் (1879ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் 2) நிறைவேறியது. காட்டெருமை, கடமான், வரையாடு, கேளையாடு, மான்வகை அனைத்தும், முயல், காட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை முதலியன ‘வேட்டைவிலங்கு’ என அதன்கண் வரையறுக்கப்பட்டன. வேட்டை விலக்குக் காலத்தை அறிவிக்கும் அதிகாரம் அரசுக்கு வழங்கப்பட்டது. அக்காலத்தில் அவற்றைச் சுடுதலும் பிடித்தலும் துரத்துதலும் விற்றலும் குற்றமாயின. மலை நீர்நிலைகளில் புதிதாகக் கொணர்ந்து விடப்பட்ட மீன்களுக்கும் இச்சட்டம் காப்பளித்தது.

இச்சட்டத்தின் தனித்தன்மையை அக்காலப் பிற சட்டங்களோடு ஒப்பிட்டே அறிதல் வேண்டும். 1873ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் காட்டியானைக் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயின் யானை அரசுக்குப் பயன்படும் உழைப்பு விலங்கு என்பதே அதன் அடிப்படை. 1882ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் மரத்தையும் காட்டு வருவாயையும் முதன்மையாகக் கருதிற்று. நாடு முழுமைக்குமான காட்டுப்பறவை காப்புச் சட்டம் 1887இலும், காட்டுப்பறவை மற்றும் விலங்குக் காப்புச் சட்டம் 1912இலும் வந்தன. ஆகவே, உழைப்புக்காக அன்றி, மரத்துக்காக அன்றி, விலங்கு மலையில் தொடர்ந்து வாழ வேண்டும் என்னும் நோக்கத்தால் தென்னிந்தியாவில் எழுந்த முன்னோடிச் சட்டம் நீலகிரிச் சட்டமே எனத் துணியலாம்.

சட்டம் ஏட்டளவில் நிற்பின் பயனில்லை. கழகத்தார் உரிம முறையைக் கையாண்டனர், ஒருவர் ஒரு பருவத்தில் சுடத்தக்க தொகைக்கு வரம்பு கட்டினர், காவலரை அமர்த்தினர். வரையாட்டு வேட்டையில் முதுகின்மீது வெளிறிய சேணம் போன்ற நிறம் படர்ந்த முதிய கடாக்களையே சுடுதல் வேண்டும் என்பது அவர்தம் நெறி. பெட்டையையும் இளங்கடாவையும் விடுத்தமையால் கூட்டம் பெருகும் வழி அடைபடவில்லை. கழகத்தின் மதிப்புறு செயலராயிருந்த கர்னல் பிதியன் ஆடம்ஸ், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரைகளில் இக்காப்பு முயற்சிகளைத் தொகுத்துரைத்துள்ளார். தாம் வாழும் காலத்திலேயே தம் பணியின் விளைவை எண்ணிப் பார்த்து எழுதி வைத்தமை அக்கழகத்தின் நல்லியல்புகளுள் ஒன்று.

சட்டம் காவாதவை

இனி, இக்காப்பின் குறைகளை நோக்குவோம். அவை மூன்று வகைப்படும்.

முதலாவது, விலங்குகளுக்குள்ளேயே செய்யப்பட்ட பாகுபாடு. சட்டத்தின் பட்டியலில் புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. இவை காக்கத்தக்க விலங்குகளாக அன்றி, வேட்டைவிலங்கைத் தின்னும் பகைகளாகவே கருதப்பட்டன. அவற்றைக் கொன்றார்க்குப் பரிசும் வழங்கப்பட்டது. மானைக் காப்பதற்காகச் செந்நாயைக் கொல்லுதல் அறிவுடைமையென அக்காலத்தார் எண்ணினர். ஊனுண்ணும் விலங்கும் புல்லுண்ணும் விலங்கும் ஒரே வாழ்வின் இரு கூறுகள் என்னும் அறிவு அன்று பிறக்கவில்லை. காப்பின் பொருள் இயற்கை அன்று, இலக்கே என்பதனை இஃது ஐயமற உணர்த்தும்.

இரண்டாவது, மக்களுக்குள் செய்யப்பட்ட பாகுபாடு. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் முதலிய மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். இவருள் தோடர் எருமை மேய்க்கும் வாழ்வினர். வேட்டையைத் தொழிலாகக் கொள்ளாதவர். புல்வெளிகள் சோலையாக மாறாது நிலைபெற்றதில் அவர்தம் மேய்ச்சலுக்கும் பருவந்தோறும் புல்லுக்குத் தீயிடும் வழக்கத்துக்கும் பங்குண்டு. குறும்பரும் இருளரும் கோத்தரும் வலையும் கண்ணியும் கொண்டு உணவுக்காக வேட்டையாடினர். உரிமம் பெற்றுத் துப்பாக்கியாற் சுடுவது விளையாட்டு எனவும், கண்ணி வைத்துப் பிடிப்பது களவு எனவும் புதிய முறை வகுத்தது. விலங்கு குறைந்ததன் பழியை வேட்டை நூலார் பலர் மலைமக்கள்மீதே சுமத்தினர். பல்லாண்டுகளாக அம்மக்களும் அவ்விலங்குகளும் உடன் வாழ்ந்திருந்தமையை அவர்கள் எண்ணிப் பார்த்திலர். அதே மலைமக்களே வேட்டைக்கு வழிகாட்டிகளாகவும் தடமறிவோராகவும் பணிபுரிந்தனர் என்பதும், அவர் அறிவின்றி எந்த வேட்டை நூலும் எழுந்திராது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கன.

மூன்றாவதும் மிகப் பெரியதும் ஆகிய குறை நிலத்தைப் பற்றியது. கழகத்தின் ஆணை துப்பாக்கியின்மேற் சென்றது, நிலத்தின்மேற் செல்லவில்லை. வரையாடு வாழ்வது செங்குத்தான பாறை விளிம்பும் அதனை அடுத்த திறந்த புல்வெளியும் ஆகும். பாறையில் ஒதுங்கிப் புல்லில் மேய்வது அதன் இயல்பு. புல்வெளி மறையின் சுடாத விலங்கும் அழியும். நீலகிரியில் நிகழ்ந்தது அதுவே. 1840களிலேயே ஆஸ்திரேலியாவின் கற்பூர மரமும் சீகை மரமும் இம்மலையில் நடப்பட்டுவிட்டன. விறகுக்காகத் தொடங்கிய நடவு, பின்னர்த் தோல் பதனிடும் பட்டைக்கும் செயற்கை நூல் ஆலைக்கும் மூலப்பொருளாகப் பெருந்தோட்டமாயிற்று. சிறப்பாக 1950களுக்குப் பின் குந்தா மலைப் பகுதியின் புல்வெளிகள் பல மரத்தோட்டங்களாயின. சீகை மரம் நட்ட இடத்தோடு நில்லாது தானே பரவிற்று. நீர்மின் திட்டங்களும் அப்பகுதியிலேயே எழுந்தன. புல்வெளியைப் பயனற்ற வெறுநிலம் என அரசு கருதிய காலம் அது. ஒரு துறை விலங்குக்கு விலக்குக் காலம் வகுக்க, மற்றொரு துறை அவ்விலங்கின் மேய்ச்சல் நிலத்தில் மரம் நட்டது. இரண்டும் ஒரே அரசின் செயல்கள்.

இதற்கு ஒரு புறனடையும் உண்டு. உதகைக்கு அருகிலுள்ள வென்லாக் புல்வெளி, குதிரைமீது அமர்ந்து நாய்களை ஏவி நரியைத் துரத்தும் வேட்டைக்குக் களமாயிருந்தது. உதகமண்டலத்தின் வரலாற்றை 1908இல் எழுதிய பிரடெரிக் பிரைஸ் அவ்வேட்டைக் குழுவைப் பற்றி விரித்துரைத்துள்ளார். 1891 முதல் 1896 வரை ஆளுநராயிருந்த வென்லாக் பிரபுவின் பெயர் தாங்கிய அந்நிலம் தோட்டங்களாகப் பிரிந்து போகாமல் காப்புநிலமாக ஒதுக்கப்பட்டதில் விளையாட்டின் பங்கு பெரிது. குதிரை ஓடத் திறந்த வெளி வேண்டும். அத்தேவையால் புல் பிழைத்தது. ஆயினும் அதன்கண்ணும் பிற்காலத்தில் மரத்தோட்டமும், 1960களில் இந்துஸ்தான் ஒளிப்படச் சுருள் தொழிற்சாலையும் இடம்பெற்றன. விளையாடுவோர் செல்வாக்கு நின்றவரை நிலம் நின்றது. செல்வாக்குத் தளர்ந்தபின் நிலமும் தளர்ந்தது. விளையாட்டை மட்டும் சார்ந்த காப்பின் வன்மையும் மென்மையும் இவ்வொரு சான்றால் விளங்கும்.

மீன் விளையாட்டு

நீர்நிலைகளில் நிகழ்ந்தது இன்னும் வேறானது. தூண்டில் விளையாட்டுக்காக ட்ரௌட் என்னும் குளிர்நீர் மீனை நீலகிரிக்குக் கொணர 1860களிலேயே மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை. வில்சன் என்பார் 1907ஆம் ஆண்டளவில் அவலாஞ்சியில் மீன்குஞ்சு வளர்ப்பகம் அமைத்து அதனை நிலைநிறுத்தினார். இம்மீனைக் காத்தற்பொருட்டு ஓடைகளுக்குக் காவலும், மீன்பிடிக்கு உரிமமும், நஞ்சிட்டுப் பிடித்தற்குத் தடையும் ஏற்பட்டன. ஓடை தூயதாக இருத்தலை விரும்பிய ஒரு கூட்டம் இதனால் உருவாயிற்று என்பது நன்மை. ஆனால் காக்கப்பட்டது இம்மலைக்கு அயலான மீன், ஊனுண்ணும் இயல்பினது. இம்மலை ஓடைகளுக்கே உரிய சிற்றுயிர்களின் நலம் பற்றி அன்று எவரும் வினவவில்லை. விளையாட்டு, இயற்கையைக் காக்கும் அளவுக்கு அதனைத் தன் விருப்பப்படி மாற்றியும் அமைக்கும் என்பதற்கு இது சான்று.

இரவிகுளம்: ஓர் ஒப்புநோக்கு

நீலகிரிக்குத் தெற்கே, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், ஆனைமுடியை உள்ளடக்கிய இரவிகுளம் புல்வெளி உள்ளது. ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது. 1877இல் மன்றோ என்பார் பூஞ்ஞாறு அரசரிடம் பெற்ற நிலவுரிமையிலிருந்து தோன்றிய கண்ணன் தேவன் மலைகளின் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து சென்ற பல்லாயிரம் தொழிலாளரின் உழைப்பால் அவை உருவாயின. அவற்றினிடையே இரவிகுளம் 1895 முதல் தோட்ட அலுவலரின் வேட்டைநிலமாக ஒதுக்கப்பட்டது. 1928இல் அமைந்த உயர்மலை வேட்டைவிலங்குக் காப்புக் கழகம் அதனை மேற்பார்த்தது. முதுவர் என்னும் மலைமக்கள் காவலராக அமர்த்தப்பட்டனர். பருவந்தோறும் புல்லுக்கு முறையாகத் தீயிடும் பணியிலும் அவர் அறிவு பயன்பட்டது.

நீலகிரிக்கும் இரவிகுளத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே: முன்னதில் கழகத்துக்குச் சட்டம் இருந்தது, நிலம் இல்லை, பின்னதில் கழகத்துக்கு நிலமே இருந்தது. அந்நிலத்தில் தேயிலையும் நடப்படவில்லை; சீகை மரமும் பெருந்தோட்டமாக நடப்படவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் கேரள அரசு கண்ணன் தேவன் நிலங்களை மீட்டபோது, இப்புல்வெளி முழுமையாகக் கைக்கு வந்தது. 1975இல் புகலிடமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. உலகில் வாழும் வரையாடுகளுள் மிகப் பெரிய கூட்டம் இன்று அப்பூங்காவில் உள்ளது.

இவ்வொப்பீட்டினின்று பெறப்படும் முடிபு தெளிவானது. ஓர் உயிரைக் கொல்லாமை மட்டும் காப்பு ஆகாது. அதன் நிலைக்களனைக் காத்தலே காப்பு. எனினும், இரவிகுளத்தைப் புகழ்வார் ஒன்றை மறத்தலாகாது. சுற்றியுள்ள சரிவுகளெல்லாம் தேயிலைக்காக வெட்டப்பட்ட பின்னரே இம்மேட்டுநிலம் விளையாட்டுக்கென விடப்பட்டது. பலவற்றை அழித்த செல்வமே ஒன்றைக் காத்தது. அந்த ஒன்றில் தேயிலை பறித்த தொழிலாளிக்கு இடமில்லை.

பிற இடங்களிற் பெறும் சான்றுகள்

இப்போக்கு நீலகிரிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் தியோடர் ரூசவெல்ட் முதலியோர் 1887இல் பூன் அண்டு கிராக்கட் கழகத்தை நிறுவினர். அது வேட்டைக்காரர் கழகமே. 1937ஆம் ஆண்டில் அங்கு நிறைவேறிய சட்டம், துப்பாக்கி, வெடிமருந்து விற்பனையின்மேல் விதித்த வரியைக் காட்டுயிர்க் காப்புக்கே ஒதுக்கிற்று. பிரித்தானியப் பேரரசின் காட்டுயிர்க் காப்புக்கான கழகம் 1903இல் இலண்டனில் தோன்றியபோது, மனம் திருந்திய கசாப்புக்காரர் கூட்டம் எனச் சிலர் அதனை எள்ளினர்.

இராசத்தான் மாநிலத்துப் பரத்பூரில் அரசர் வாத்து வேட்டைக்கென நீர்தேக்கி அமைத்த கேவலாதேவ் சதுப்பு நிலத்தில், 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அரசப் பிரதிநிதி லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டதாகப் பதிவுண்டு. அதே சதுப்பு நிலம் 1985இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. வேட்டைக்காக நீர் தேக்கியிராவிடின் அந்நிலம் வயலாகி இருக்கும்; வேட்டை நின்றிராவிடின் அது வெறுங்குளமாகி இருக்கும். விளையாட்டு நிலத்தை விட்டுச்சென்றது. விளையாட்டு நீங்கியபின் அந்நிலம் புகலிடமாயிற்று.

துப்பாக்கியிலிருந்து கணக்கேட்டுக்கு

நீலகிரிக்கு மீள்வோம். 1940ஆம் ஆண்டில் முதுமலை, காட்டுயிர்ப் புகலிடமாக அமைந்தது. வேட்டைவிலங்குக் கழகம் என்னும் பெயரும் நாளடைவில் நீலகிரிக் காட்டுயிர்க் கழகம் என மாறிற்று. பின்னர்ச் சுற்றுச்சூழல் என்னும் சொல்லும் அப்பெயரிற் சேர்ந்தது. வேட்டைவிலங்கு, காட்டுயிர், சுற்றுச்சூழல் என்னும் இம்மூன்று சொற்களின் வரிசையே ஒரு நூற்றாண்டுக் கருத்து வளர்ச்சியின் சுருக்கம். முதற் சொல் மனிதன் சுடும் பொருளைக் குறிக்கும். இரண்டாம் சொல் சுடாத உயிரையும் தழுவும். மூன்றாம் சொல் உயிரும் நிலமும் நீரும் மனிதனும் அடங்கிய முழுமையைச் சுட்டும்.

இம்மாற்றத்தின் உருவாக விளங்கியவர் வழக்கறிஞர் இ. ஆர். சி. டேவிதார். இளமையில் வேட்டையாடியவர், பின்னர் அக்கழகத்தின் மதிப்புறு செயலராயிருந்து காப்புப் பணியில் ஈடுபட்டவர். 1963இல் நீலகிரி வரையாடுகளை அவர் எண்ணியபோது ஏறத்தாழ 400 எனக் கணக்கிட்டார். 1975இல் மீண்டும் எண்ணியபோது அத்தொகை 330 அளவுக்குக் குறைந்திருந்தது. வேட்டை கட்டுப்பட்டிருந்த காலத்திலேயே இக்குறைவு நேர்ந்தமை கருதத்தக்கது. புல்வெளி இழப்பே அதன் முதன்மைக் காரணம் என்னும் நம் முன்னைய முடிபுக்கு இஃது அரண் செய்யும். அவர் நீலகிரியோடு நில்லாது மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகள் பலவற்றில் நடந்து வரையாடு எங்கெங்கு வாழ்கின்றது என ஆராய்ந்து, 1978இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். பகையென முன்னோர் கொன்ற செந்நாயின் வாழ்வையும் அவர் ஆராய்ந்து எழுதினார். தடமறிதல், காற்றின் திசை நோக்கி நெருங்குதல், அசையாது காத்திருத்தல் ஆகிய வேட்டைக் கலைகள் அனைத்தும் அவரிடம் ஆராய்ச்சிக் கருவிகளாயின. துப்பாக்கி ஒன்றே நீங்கியது.

1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்க் காப்புச் சட்டம் விளையாட்டு வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1973இல் புலிக் காப்புத் திட்டம் தொடங்கியது. ஒரு காலத்தில் பரிசுக்குக் கொல்லப்பட்ட விலங்கு, காப்பின் முதன்மை விலங்காயிற்று. குந்தா மலையின் மேற்கு விளிம்பிலுள்ள முக்குருத்தி 1982இல் புகலிடமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 1986இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், முன்பு களவாளிகள் என ஒதுக்கப்பட்ட மலைமக்களின் உரிமையைச் சட்டத்தில் ஏற்றது. அதனை நடைமுறையில் முழுமையாக்கும் கடமை இன்னும் எஞ்சியுள்ளது. 2022இல் தமிழ்நாடு அரசு வரையாட்டுத் திட்டத்தை அறிவித்து, டேவிதாரின் ஆய்வை நினைந்து அக்டோபர் 7ஆம் நாளை வரையாட்டு நாளாகக் குறித்தது. அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்டல் அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. 2025இல் தமிழ்நாடும் கேரளமும் ஒருங்கே எடுத்த கணக்கெடுப்பில் 2,668 வரையாடுகள் காணப்பட்டன.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படும். வேட்டை விளையாட்டு, காட்டு விலங்குகளுக்கெனச் சட்டமும் காவலும் கணக்கும் தோன்றக் காரணமாயிற்று. இதனை மறுப்பது வரலாற்றுக்கு முரண். விளையாடுவோர் விரும்பிய உயிரை மட்டுமே அக்காப்பு தழுவிற்று. ஊனுண்ணும் விலங்கையும் மலைமக்களையும் அது பகையாக்கிற்று. இதனை மறைப்பதும் வரலாற்றுக்கு முரண். விளையாட்டு நிலத்தைக் காத்த இடங்களில் அதன் பயன் நிலைத்தது. துப்பாக்கியை மட்டும் கட்டுப்படுத்திய இடங்களில் பயன் தேய்ந்தது.

இன்று மலையேற்றமும், பறவை நோக்கலும், மலைப்பாதை ஓட்டமும், மிதிவண்டிப் போட்டியும் வேட்டையின் இடத்தைப் பெற்றுள்ளன. இவை உயிரைக் கொல்வதில்லை. ஆயினும், பாதையும் விடுதியும் ஊர்திக் கூட்டமும் இவற்றைத் தொடர்ந்து மலையேறுகின்றன. பழைய வேட்டைக் கழகத்தாரை நோக்கி நாம் எழுப்பிய வினாக்கள் இவற்றுக்கும் பொருந்தும். நாம் காக்க விரும்புவது நம் விளையாட்டுக் களத்தையா, அக்களத்திற்கு உரிய உயிர்களையா? அந்நிலத்தில் பிறந்து வாழும் மக்களுக்கு அக்காப்பில் பங்குண்டா? விளையாட்டின் மீதுள்ள ஆர்வம் தணிந்தபின்னும் நிலைக்கும் உறுதி அந்நிலத்துக்கு உண்டா? இவற்றுக்கு நேரிய விடை கூறும் விளையாட்டே துன்பம் நீங்கிய உவகைக்கு நிலைக்களனாகும் தகுதியுடையது. நீலகிரி வேட்டையர் அந்நிலையை எய்தினர் அல்லர்; ஆயினும் அதற்குச் செல்லும் வழியின் முதற் பகுதியை அவர்களே திறந்தனர்.